ஸ்ட்ரெஸ் என்று எழுதிக் கொடுத்தோம்

(தோட்டக் கிளையின் தொழிலாளர் வகுப்பில், தோட்டக் கிராணியும் கிளைச் செயலாளருமான தோழர் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பில் சம்பளச் சீட்டைப் படிக்கும் விதத்தைப் பற்றிப் பேசினோம். இந்த முறை ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றிப் பேசும்படி கமிட்டி பணித்திருக்கிறது. ஒரு வார்த்தைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுப்பதா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், குற்றமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் நம் சகோதரி ஒருவர் நான்கு மாதம் கூடுதலாகச் சுமந்தார். அதை எழுதிய கை நம்முடைய கை. ஆகவே இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பும் நம்முடையதாகிறது.

நடந்தது இதுதான். ஊர் பேர் வேண்டாம். மலைக்காட்டில் பால் வெட்டும் ஓர் அக்காள். வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆள் பற்றவில்லை என்று சொல்லிப் பக்கத்து நிரையில் ஒரு பகுதியை அவர் தலையில் கட்டினார்கள். 500 மரம் வெட்டியவர் 640 மரம் வெட்ட வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். பிறகு ஒரு நாள், பால் நிறுத்துவிட்டு வாளியும் கையுமாக ஆபீஸ் ஜன்னலண்டை வந்து நின்றார்.

“கிராணித் தம்பி, மரம் கூடிப்போச்சு. ஒண்ணேகால் ஆள் வேலைய ஒரு ஆள் இழுக்கிறேன். ராத்திரியில கால் உளையுது. தூக்கம் புடிக்கல. மண்டோரு பின்னால வந்து நின்னாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க தம்பி” என்றார்.

எழுதிக் கொடுத்தோம். இங்கிலீஷில் எழுதினால்தான் மேலிடம் மதிக்கும் என்று ஓர் எண்ணம். நாம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். இங்கிலீஷ் பின்னால் ராத்திரிகளில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கற்றது. அப்படிக் கற்றவனுக்கு ஒரு பெரிய வார்த்தை கிடைத்துவிட்டால் அதைப் போட்டுக் காட்டாமல் இருக்க முடிவதில்லை. அந்த அக்காள் சொன்னது மரக்கணக்கு, வேலைக்கணக்கு, கால், தூக்கம், நெஞ்சு என்று ஐந்து விஷயம். ஐந்தையும் ஒன்றாகச் சுருட்டி, “இத்தொழிலாளி ஸ்ட்ரெஸ்ஸினால் அவதிப்படுகிறார், தயவுசெய்து கவனிக்கவும்” என்று ஒரே வரியில் முடித்தோம். கச்சிதமாக எழுதிவிட்டதாகப் பெருமை வேறு.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். தொழிலாளியைக் கிளினிக்குக்கு அனுப்பும்படி உத்தரவு. அங்கே தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள்; இரண்டு நாள் மருத்துவ விடுப்பும் கொடுத்தார்கள். வீட்டுக் கவலையை வேலைக்காட்டுக்குக் கொண்டுவரவேண்டாம் என்று ஒரு புத்திமதியும் கிடைத்தது. விண்ணப்பம் தீர்ந்தது என்று பைலைக் கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை அந்த அக்காள் அதே 640 மரத்துக்குப் போனார். பெரட்டுக்களத்தில் நம்மைப் பார்த்தார். கோபிக்கவில்லை. “தம்பி, நான் மரத்தைச் சொன்னேன். நீங்க மனச எழுதிட்டீங்க” என்றார்.

அன்று ராத்திரி அகராதியை மறுபடியும் திறந்தோம், தோழர்களே. அதில் கண்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

லத்தீன் பாஷையில் ஸ்ட்ரிங்கெரே என்று ஒரு வினைச்சொல். இழுத்து இறுக்குவது என்று பொருள். இறுக்கப்பட்டது, ஒடுங்கியது என்பதற்கு ஸ்ட்ரிக்டுஸ் என்பார்கள். இந்தத் தாய் பிரெஞ்சு தேசத்தின் வழியாக இங்கிலீஷுக்குள் வந்து நிறையப் பிள்ளைகளைப் பெற்றாள். ஸ்ட்ரெஸ் ஒரு பிள்ளை. ஸ்ட்ரெயின் ஒரு பிள்ளை. டிஸ்ட்ரெஸ் ஒரு பிள்ளை. அதன் தலை தேய்ந்து ஸ்ட்ரெஸ் ஆனதும் உண்டு. “மண்டோரு ரொம்ப ஸ்ட்ரிக்ட்” என்கிறோமே, அந்த ஸ்ட்ரிக்டும் இதே வீட்டுப் பிள்ளைதான். இன்னொன்றைச் சொன்னால் வியப்பீர்கள். ஒடுங்கிய கடல்வழிக்கு ஸ்ட்ரெயிட் என்று பேர். 1826 முதல் 1946 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றைச் சேர்த்து ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்று வெள்ளைக்காரர் ஆண்டார்களே, அந்த ஸ்ட்ரெயிட் இதுதான். நம் பாட்டன்மார் பலர் கப்பலை விட்டு இறங்கிய கரைக்கே இந்த வார்த்தையின் உடன்பிறப்பைத்தான் பேராக வைத்திருந்தார்கள்.

டிஸ்ட்ரெஸ் என்றால் துன்பம் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டப் புத்தகத்தில் அதற்கு வேறு பொருள். வாடகை பாக்கி வைத்தவன் வீட்டுச் சாமான்களைக் கோர்ட்டு உத்தரவோடு பிடித்து விற்பதற்கும் அதே பேர். மலேசியாவில் 1951-ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டம் என்று ஒரு சட்டமே இருக்கிறது. கவனியுங்கள்: நெருக்கப்படுகிறவன் படும் பாட்டுக்கும் அதே வார்த்தை, நெருக்குகிறவன் செய்யும் காரியத்துக்கும் அதே வார்த்தை. இந்தக் குடும்பத்துக்கே இந்தக் குணம் உண்டு. பின்னால் இது தேவைப்படும்.

ஒடுக்கத்தை வைத்துத் துன்பத்துக்குப் பேர் வைத்தது இங்கிலீஷ்காரன் மட்டுமல்ல. நெருக்குவதிலிருந்து நமக்கு நெருக்கடி வந்தது. திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கு இடுக்கண் அழியாமை என்று பேர். இடுக்கண் என்பதை இடுங்குதலோடு சேர்த்துப் பொருள் சொல்வோர் உண்டு. பத்துக்குப் பத்து லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டுமா?

சரி, இனி வேலைக்கு வருவோம். பொறியியல்காரர்கள் இந்தக் குடும்பத்தைப் பிடித்து ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள். ஒரு கம்பியில் எடையைக் கட்டித் தொங்கவிடுகிறோம். கட்டியது பளு. அந்தப் பளுவைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது ஸ்ட்ரெஸ். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் அதற்குத் தகைவு என்று பேர் கொடுத்திருக்கின்றன. அதனால் கம்பி எவ்வளவு நீண்டது என்று பார்த்து, அந்த நீட்சியைப் பழைய நீளத்தால் வகுத்தால் கிடைப்பது ஸ்ட்ரெயின், தமிழில் திரிபு. ஆக, தகைவு என்பது மேலே ஏற்றியதைப் பற்றிய கணக்கு. திரிபு என்பது அதனால் கம்பிக்கு நேர்ந்ததைப் பற்றிய கணக்கு. இரண்டும் வேறு.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு இது செக்ரோலைப் பார்ப்பதுபோல விளங்கிற்று. செக்ரோலில் நாங்கள் எழுதுவது பளு மட்டும். 500 மரம் என்றால் 500 மரம். சமநிலத்து 500 மரமும் மலைச்சரிவின் 500 மரமும் ஒரே கட்டத்துக்குள் ஒரே எண்ணாக உட்கார்ந்துகொள்கின்றன. இருபத்தைந்து வயதுக் காலுக்கும் ஐம்பது வயதுக் காலுக்கும் அதே எண்தான். மெல்லிய கம்பியிலும் தடித்த கம்பியிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டால் மெல்லியதில் தகைவு கூடும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லும். அது கம்பியின் மனக்கோளாறு என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

இன்னொன்று. ஓர் எல்லைக்குள் இழுத்து விட்டால் கம்பி தன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். எல்லையைத் தாண்டி இழுத்தால் திரும்பாது. ரப்பரைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை, எத்தனையோ மடங்கு இழுக்கலாம். ஆனால் ஆபீஸ் அலமாரியில் பழைய செக்ரோல் கட்டுகளைச் சுற்றிப் போட்ட ரப்பர் வளையங்களை வந்து பாருங்கள். வருஷக்கணக்காக இழுபட்டபடியே கிடந்தவை. கழற்றினால் சில தொளதொளவென்று தொங்குகின்றன; சில தொட்டதும் அறுகின்றன. அவற்றின்மேல் பளு கூடவே இல்லை. இறக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படி ஒழுங்காக இருந்த வார்த்தை மனிதனிடம் வந்தபோது எங்கே குழம்பியது? இது ஒரு நல்ல கதை. ஹான்ஸ் செல்யே என்று ஒரு வைத்திய விஞ்ஞானி. 1907-இல் வியன்னாவில் பிறந்தவர், ஹங்கேரியக் குடும்பம், கனடாவில் மாண்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்தவர். எலிகளுக்குப் பலவிதமான கேடுகளைச் செய்து பார்த்தார். குளிரில் வைத்தாலும் காயப்படுத்தினாலும் அளவுக்கு மீறி ஓடவைத்தாலும் உடம்பு ஒரே மாதிரியாகக் கெடுவதைக் கண்டு 1936-இல் நேச்சர் என்னும் பத்திரிகையில் சிறு கட்டுரையாக வெளியிட்டார். உடம்பு காட்டும் இந்த எதிர்விளைவுக்குத்தான் அவர் பின்னால் ஸ்ட்ரெஸ் என்று பேர் வைத்தார். 1956-இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார், உலகமெல்லாம் பரவிவிட்டது. மலாய்க்காரரும் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள், ஜெர்மானியரும் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள்.

பொறியியல்காரன் கணக்குப்படி பார்த்தால், உடம்புக்கு நேர்ந்ததற்கு ஸ்ட்ரெயின் என்றல்லவா பேர் வைத்திருக்க வேண்டும்? அப்படித்தான். தமக்கு அந்த நாளில் இங்கிலீஷ் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் ஸ்ட்ரெயின் என்றே வைத்திருப்பேன் என்று செல்யேவே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். ஸ்ட்ரெஸ்ஸை உடம்புக்குள் வைத்துவிட்டதால், வெளியிலிருந்து ஏற்றுகிற காரணத்துக்கு ஸ்ட்ரெஸ்ஸர் என்று இன்னொரு வார்த்தையைப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. இங்கிலீஷை அரைகுறையாகக் கற்றுத் தவறான வார்த்தை போட்டவர்கள் நாம் மட்டுமல்ல என்று தெரிந்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆறுதலால் அக்காளின் மரம் ஒன்றுகூடக் குறையாது.

பேர் இடம் மாறியதால் என்ன வந்தது? பளுவைக் குறித்த வார்த்தை, சுமக்கிறவன் உடம்பைக் குறிப்பதாகிவிட்டது. “உனக்கு ஸ்ட்ரெஸ்” என்றால் அது உன்னிடம் இருக்கிறது, உன் சொத்து, நீதான் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும். “உன்மேல் இவ்வளவு ஏற்றியிருக்கிறது” என்றால், ஏற்றியவர் யார் என்ற கேள்வி தானாக எழும். நாம் எழுதிய ஒரு வரியில் அந்தக் கேள்வி எழவே இல்லை. நிர்வாகம் தந்திரம் செய்ததாகச் சொல்ல மாட்டோம். நாம் கேட்டதற்குத்தான் அவர்கள் பதில் எழுதினார்கள்.

கொஞ்சம் ஸ்ட்ரெஸ் மனிதனுக்கு நல்லது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுவும் செல்யே சொன்னதுதான். ஆனால் அவர் 1974-இல் எழுதிய புத்தகத்தின் பேரே, டிஸ்ட்ரெஸ் இல்லாத ஸ்ட்ரெஸ் என்பது. பின்பாதியை மட்டும் எடுத்து வருகிறவர்களிடம் முன்பாதியையும் கேளுங்கள்.

நம் ஜனங்கள் வாயில் புழங்கும் மற்ற இரண்டு வார்த்தைகளையும் பார்த்துவிடலாம். ஒன்று பிரஷர். அமுக்குவது என்று பொருள். மலாயில் தெக்கானான் என்பதும் அமுக்குவதிலிருந்து வந்ததுதான். மேலதிகாரி அமுக்கினாலும் பிரஷர், ரத்தக்குழாயில் ரத்தம் அமுக்கினாலும் பிரஷர். மற்றது டென்ஷன். இழுத்து நீட்டுவது என்று பொருள்; தமிழில் இழுவிசை. மனத்துக்கு வரும்போது இறுக்கம், பதற்றம் என்று சொல்லலாம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஹைப்பர்டென்ஷன் என்று டாக்டர் எழுதினால் அது ரத்த அழுத்தம் கூடிய நோய். அதிகமாக டென்ஷன் ஆவது என்று அர்த்தமல்ல. நம் தோட்டத்தில் ஒரு பெரியவர் கார்டில் இப்படி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “மாமா, உங்களுக்கு டென்ஷன் அதிகம், கோபப்படாதீங்க” என்று ஆபீஸிலேயே ஒருவர் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சாதுவான மனிதர். “எனக்குத்தான் கோபமே கிடையாதே” என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்துத் தலைசுற்றி விழுந்தபோதுதான் தெரிந்தது. நல்ல வேளை, பிழைத்தார். மனம் சாந்தமாக இருப்பவருக்கும் ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம். டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரையை யாரும் நிறுத்தக்கூடாது.

மன அழுத்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலும் இதே குழப்பம் இருக்கிறது. பத்திரிகைகளில் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் மன அழுத்தம் என்றே போடுகிறார்கள். டிப்ரெஷன் என்னும் நோய்க்கும் மன அழுத்தம் என்றே போடுகிறார்கள். பின்னதற்கு மனச்சோர்வு என்பதே பொருத்தம். இது வெறும் புலவர் சண்டை அல்ல. காட்டு வேலை செய்த ஒரு தம்பி பெரட்டுக்கு வராமல் போனான். வந்தாலும் பேசுவதில்லை. பிடித்த பந்தாட்டத்துக்குப் போவதில்லை. சோறு வைத்தால் அப்படியே இருக்கும். எல்லோரும், “டென்ஷன்ல இருக்கான், நாலு நாள் லீவு போட்டா சரியாப் போயிடும்” என்றோம். நாமும் சொன்னோம். நாலு நாளல்ல, நாலு மாதம் போயிற்று. கடைசியில் அவன் மனைவிதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மனச்சோர்வு, வைத்தியத்தால் குணமாகும் நோய் என்று டாக்டர் சொன்னார். இன்று அவன் வேலைக்கு வருகிறான். அக்காளுக்குத் தேவைப்பட்டது மரத்தைக் குறைப்பது, அவளை நோயாளியாக்கினோம். தம்பிக்குத் தேவைப்பட்டது வைத்தியம். அவனுக்கு லீவு கொடுத்தோம். இரண்டு தவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் காரணம்.

நம் ஜனங்களிடம் வார்த்தைக்குப் பஞ்சமா? அந்த அக்காள் கால் உளைகிறது என்றாரே, அதே உளைதலிலிருந்துதான் மன உளைச்சல் வந்தது. நடந்து நடந்து கால் நோவதைப் போல, நினைத்து நினைத்து மனம் நோவது. அலுப்பு என்றால் ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். சலிப்பு தூங்கினாலும் போகாது. பளு என்றால் தோளில் இருப்பது, எடை போடலாம். நச்சரிப்பு என்றால் பின்னால் ஓர் ஆள் நிற்கிறான் என்று அர்த்தம். நெருக்கடி என்றால் காலம் போதவில்லை, அல்லது பணம் போதவில்லை. பதற்றம் என்றால் ஏதோ வரப்போகிறது என்ற பயம். ஒவ்வொன்றுக்கும் வேறு பரிகாரம். இத்தனையையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னவரிடமிருந்து வாங்கி, ஒரே மூட்டையாகக் கட்டி இங்கிலீஷில் கொடுத்தது படித்த கிராணியின் வேலை.

இரண்டாம் கடிதம் எழுதினோம். இந்த முறை வார்த்தை ஜாலம் இல்லை. முன்பு 500 மரம், இப்போது 640. சரிவு இத்தனை. கடைசி மரத்திலிருந்து பால் கொட்டகைக்கு நடை இத்தனை நிமிஷம். முன்பு வெட்டு முடியும் நேரம், இப்போது முடியும் நேரம். பக்கத்து நிரைக்காரர் போன பிறகு ஆள் போடாமல் கிடந்த நாள் இத்தனை. இதெல்லாம் எங்கள் செக்ரோலிலேயே இருந்த கணக்கு. அதன் கீழே, தனிப் பத்தியாக, இதனால் கால் வலி, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று எழுதினோம். பளு மேலே, திரிபு கீழே.

எழுதும்போது மரத்தின் நினைவு வந்தது. ரப்பர் மரத்தை அளவுக்கு மீறி வெட்டினால், மருந்து பூசிப் பூசிப் பாலை இழுத்தால், பட்டை காய்ந்து பால் நின்றுபோகும். அதற்கும் விஞ்ஞானிகள் ஸ்ட்ரெஸ் என்றுதான் எழுதுகிறார்கள். அந்த மரத்துக்குப் புத்திமதி சொல்வார் யாருமில்லை. வெட்டைக் குறை, ஓய்வு கொடு என்கிறார்கள். பட்டை கெடாமலிருக்கத்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறையும். இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு. வெட்டிய கைக்கு நாளை வேறு நிரை. இதையும் கடிதத்தில் சேர்க்கலாம் என்றோம். தலைவர் வேண்டாம், நேரில் சொல்லுங்கள் என்றார். பேச்சுவார்த்தையில் நேரிலேயே சொன்னோம். மேசைக்கு அந்தப் பக்கத்திலும் ஒருவர் தலையசைத்தார்.

சட்டத்தையும் காட்டினோம். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதன் நோக்கங்களைச் சொல்கிறது. வேலை செய்கிறவர்களின் உடல் தேவைக்கும் மனத் தேவைக்கும் ஏற்றபடி அமைந்த வேலைச் சூழலை வளர்ப்பது அதில் ஒரு நோக்கம். ஆளுக்கு ஏற்றபடி வேலையை அமைக்கச் சொல்கிறது. வேலைக்கு ஏற்றபடி ஆளை மாத்திரை கொடுத்து வளைக்கச் சொல்லவில்லை. 15-ஆம் பிரிவு, நடைமுறையில் இயன்ற அளவுக்குத் தொழிலாளியின் பாதுகாப்பு, சுகாதாரம், நலம் ஆகியவற்றைக் காக்கும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. இந்த இரண்டு பிரிவையும் கமிட்டிக்காரர்கள் நெட்டுருப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக ஏற்றிய 140 மரத்தில் 90 மரம் இறங்கிவிட்டது. 50 மரம் இன்னும் அவர் தலையில்தான் இருக்கிறது. அடுத்த மாதப் பேச்சுவார்த்தையில் அது முதல் விஷயம். மண்டோர் பின்னால் நிற்பது பற்றி இன்னும் முடிவில்லை.

கமிட்டி ஒரு புதிய புகார்ச் சீட்டை அடித்து வைத்திருக்கிறது. அதோ, வாசல் மேசையில். தமிழில்தான் இருக்கிறது. மேல்பாதியில் என்ன வேலை, எத்தனை மரம், எவ்வளவு தூரம், எத்தனை மணி, எப்போது கூடியது என்று எழுத வேண்டும். கீழ்ப்பாதியில் உடம்புக்கும் மனத்துக்கும் என்ன செய்கிறது என்று உங்கள் வாய்ப்பேச்சிலேயே எழுதுங்கள். எழுத வராதவர்களுக்கு எழுதிக் கொடுக்க, சம்பளத்துக்கு மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் பின்வராந்தாவில் நாங்கள் இருப்போம். சொன்னபடியே எழுதுவோம், எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம்.

கேள்வி உள்ளவர்கள் கேளுங்கள். கைக்குழந்தையோடு மேல் டிவிஷனுக்குத் திரும்ப வேண்டிய தாய்மார்கள் முதலில் கேட்கட்டும். லோரி ஐந்தரைக்குப் புறப்பட்டுவிடும்.